பீனைல்கீட்டோன்யூரியா: மூன்று சிகிச்சைகள், யாருக்கு எது?

பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே பழுதாகிவிடுகிறது. மாறாத பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. இதுதான் பீனைல்கீட்டோன்யூரியா. இந்தத் தேக்கத்தைக் குறைக்க முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

மூத்தது உணவுக் கட்டுப்பாடு. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கலும் சக மருத்துவர்களும் பால் புரதத்தைச் சிதைத்து, கரியில் வடிகட்டிப் பினைல்அலனினை நீக்கினார்கள். இதில் உடலுக்குத் தேவையான டைரோசின், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலங்களும் சேர்ந்தே போய்விட்டதால், அவற்றைத் திரும்பக் கலந்தார்கள். அதைக் குடித்த இரண்டு வயதுச் சிறுமி தவழவும் நிற்கவும் கற்றாள். பினைல்அலனினை மீண்டும் சேர்த்ததும் கற்றதை இழக்கத் தொடங்கினாள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும் பரிசோதனை அது.

நொதியில் என்ன பழுது இருந்தாலும் இந்த வழி பயன் தரும், பிறந்த சில நாட்களிலேயே தொடங்கலாம். ஆனால் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். தாய்ப்பாலுக்குக்கூட அளவு உண்டு. இறைச்சி, முட்டை, பருப்பு, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு கலந்த பானம் எல்லாம் விலக்கு. புரதத்துக்கு ஈடாகத் தினமும் குடிக்க வேண்டிய கலவையின் வாடையும் கசப்பும் பலரைப் பதின்வயதில் விரட்டிவிடுகின்றன. இதை மன உறுதிக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது வழியான சாப்ராப்டெரின் என்ற மருந்து 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நொதிக்குத் துணையாக நிற்கும் மூலக்கூறின் செயற்கை வடிவம் இது. கரைத்துக் குடிக்கலாம், எளிது. ஆனால் நொதியில் கொஞ்சமாவது உயிர் மிச்சம் இருக்க வேண்டும்; இல்லாதவர்களுக்குப் பலன் இல்லை. சில வாரங்கள் கொடுத்து, இரத்த அளவு இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெக்வாலியேஸ் என்ற மருந்து. இது பழுதான நொதியை நம்புவதே இல்லை. பாக்டீரியாவிலிருந்து வந்த வேறொரு நொதி, பினைல்அலனினை இரத்தத்திலேயே சின்னமிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைக்கிறது. பலன் கிடைக்கும் பெரியவர்களில் பலர் இயல்பாகச் சாப்பிட முடிகிறது. அதற்கு ஈடாகத் தினசரி ஊசி, மாதக்கணக்கில் மெல்ல ஏற்றும் அளவு, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைக்கான வாய்ப்பு. கடும் ஒவ்வாமையை அடக்கும் எபிநெப்ரின் ஊசி எப்போதும் கையில் இருக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போது பினைல்அலனின் மிகையும் குறைவும் சிசுவுக்குக் கேடு என்பதால், தாயாக விரும்புபவர்கள் மருத்துவரோடு முன்கூட்டியே பேசுவது அவசியம்.

என் தேர்வு: குழந்தைக்கு உணவுக் கட்டுப்பாடு, கூடவே சாப்ராப்டெரின் சோதனை. கட்டுப்பாட்டில் தோற்றுக் களைத்த பெரியவருக்கு, ஒவ்வாமையைக் கையாளப் பழகிய மருத்துவமனை அருகில் இருந்தால், பெக்வாலியேஸ்.