சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு எடையும் சமநிலையும்: மூன்று எடைப்பலகைகளோடு சில ஆண்டுகள்

பந்தயக் கார்களின் சக்கரங்களைத் தனித்தனியாக எடை பார்ப்பதற்கென்று எடைப்பலகைகள் விற்கிறார்கள். ஒவ்வொரு பலகைக்குள்ளும் லோட் செல் (எடையை மின் சமிக்ஞையாக மாற்றும் உணரி) இருக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிஸ்ப்ளே. அதில் மூன்று இருந்தால் ஒரு சின்ன விமானத்துக்குப் போதும். நானும் நண்பரும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானத்தை, முதன்முதலாகப் பறக்கவிடுவதற்கு முன்பிருந்து இன்றுவரை இப்படி ஒரு செட்டில்தான் எடை பார்த்து வருகிறோம். இதை வாங்கலாமா, யாரிடமாவது இரவல் கேட்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும்.

தொழிற்சாலையில் செய்த விமானம் எடைத்தாளோடு வந்துவிடும். நாமே கட்டினால் அந்தத் தாளையும் நாம்தான் உருவாக்க வேண்டும். ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு பேர் கட்டினாலும் இரண்டும் ஒரே எடையில் நிற்பதில்லை. எஞ்சின், ப்ரொப்பல்லர், வயரிங், பெயின்ட் எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். ஈர்ப்பு மையம் (விமானத்தின் மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளி) எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வடிவமைப்பாளர் சொல்லிவிடுவார். முன் எல்லையைத் தாண்டினால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க, வாலில் அதற்கென உள்ள அசையும் பாகமான எலிவேட்டருக்குத் தெம்பு போதாமல் போகலாம். பின் எல்லையைத் தாண்டுவது அதைவிட மோசம். விமானம் நிலைகொள்ளாது, ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்கும் திறனை இழந்தால்) மீட்கவே முடியாமலும் போகலாம்.

கணக்கு பள்ளிக்கூடப் பாடம்தான். எடையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். எல்லாத் திருப்புத்திறனையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம். எங்கள் விமானத்தில் தூரங்களையெல்லாம் இறக்கையின் முன்விளிம்புக்கு 1.78 மீட்டர் முன்னால் இருக்கும் ஒரு கற்பனைக் கோட்டிலிருந்து அளக்கிறோம். முன்சக்கரம் அந்தக் கோட்டிலிருந்து 0.97 மீட்டர், பின்னால் உள்ள இரண்டு பெரிய சக்கரங்களும் 2.44 மீட்டர். முதல் தடவை பலகைகள் காட்டியது: முன்சக்கரம் 150 கிலோ, இடது 174, வலது 176. மொத்தம் 500 கிலோ, திருப்புத்திறன் 999.5. ஆக வெற்று விமானத்தின் ஈர்ப்பு மையம் 1.999 மீட்டரில். ஆட்களோடு பறக்கும்போது 2.00 முதல் 2.20 வரை இருக்கலாம் என்பது எங்களுக்கான எல்லை.

எடைப்பலகை எவ்வளவு துல்லியம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அளவுநாடாவைப் பற்றித்தான் கேட்பேன். இந்த எண்களையே வைத்துப் பாருங்கள். முன்சக்கரப் பலகை ஒரு கிலோ தப்பாகக் காட்டினால் ஈர்ப்பு மையம் சுமார் 2 மில்லிமீட்டர் நகரும். பெரிய சக்கரங்களின் தூரத்தை ஒரு சென்டிமீட்டர் தப்பாக அளந்தால் 7 மில்லிமீட்டர் நகரும். விமானம் மட்டமாக நிற்காமல் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்? ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், 17 மில்லிமீட்டர்! நல்ல பலகை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் ரசமட்டத்தை ஏனோதானோவென்று வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

அதனால் எங்கள் வேலையில் பாதி நேரம் தரையில்தான் போகும். ஹேங்கர் கதவை மூடிவிடுவோம். லேசான காற்றுகூட இறக்கையில் பட்டு எடையை மாற்றிக் காட்டும். வரைபடத்தில் சொன்ன இடத்தில் ரசமட்டத்தை வைத்து, டயரில் காற்றைக் கூட்டியோ குறைத்தோ மட்டம் பிடிப்போம். அப்புறம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிடுவோம். அது ஆடிக்கொண்டே இருக்கும். குண்டு மட்டும் முங்கும்படி அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் சீக்கிரம் அடங்கிவிடும். நின்றதும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, நூலைத் தொடாமல் குண்டின் முனைக்கு நேர் கீழே தரையில் ஒட்டிய டேப்பில் கூர்மையான பென்சிலால் புள்ளி. சக்கர அச்சுகளின் நடுவிலிருந்தும் அப்படியே. விமானத்தின் வளைந்த வயிற்றோடு நாடாவை இழுத்து அளப்பதைவிடத் தரையில் புள்ளிக்குப் புள்ளி அளப்பது எவ்வளவோ மேல்.

சரி, பலகைகளுக்கு வருவோம். தினசரிப் பயன்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எங்கள் விமானத்தின் கால்கள் ஸ்பிரிங் போல வளையும் வகை. ஜாக்கியில் தூக்கிப் பலகைமேல் இறக்கினால் கால்கள் விரிய முயலும், டயர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கவாட்டு இழுப்பு லோட் செல்லைக் குழப்பி, ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணைக் காட்டும். சாய்தளம் வைத்து உருட்டி ஏற்றினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். இடம் இல்லையென்றால் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கிரீஸ் தடவிப் பலகைமேல் வைத்துக்கொள்ளலாம். தகடு, சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை எல்லாவற்றையும் வைத்த பிறகே டிஸ்ப்ளேயைப் பூஜ்யம் ஆக்க வேண்டும். பிரேக் போட்டிருக்கவே கூடாது.

ஒவ்வொரு முறையும் இடது பலகையையும் வலது பலகையையும் இடம் மாற்றி இன்னொரு தடவை எடை பார்ப்போம். விமானம் அதேதான், எண்ணும் அதேதான் வர வேண்டும். வராவிட்டால் எடை தெரிந்த பொருளை ஒவ்வொரு பலகையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுகள் போனதில் ஒரு பலகை மெல்ல மெல்ல விலகியது இப்படித்தான் தெரிந்தது. கலிபரேஷனுக்கு அனுப்பி வாங்கிய பிறகு சரியாக இருக்கிறது.

இந்தச் செட் உண்மையில் எங்களுக்குக் கைகொடுத்தது மாற்றங்கள் செய்த பிறகுதான். எஞ்சின் பக்கம் இருந்த ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டபோது 5 கிலோ குறைந்தது. எடை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மூக்கில் குறைந்த எடை மையத்தைச் சுமார் 6 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியது. பெயின்ட்டும் அதே திசைதான், விமானத்தின் பரப்பில் பெரும்பகுதி மையத்துக்குப் பின்னால்தானே இருக்கிறது. வால் நுனியில் கூடும் ஒரு கிலோ மட்டுமே 8 மில்லிமீட்டர் நகர்த்திவிடும். (பெயின்ட் அடித்தபின் எலிவேட்டர், ரட்டர் போன்ற அசையும் பாகங்களின் சொந்தச் சமநிலையையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதை விட்டால் வேகத்தில் படபடத்துப் பிய்ந்துபோகும் ஆபத்து உண்டு.) ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் கூட்டிக் கழித்து எழுதியும், மறுபடி எடை பார்த்தபோது தாளைவிட விமானம் சில கிலோ கனமாகவே இருந்தது. அன்றிலிருந்து தாள் கணக்கை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே வைத்துக்கொள்கிறோம்.

பயணக் கணக்கில் தரையிறங்கும் நேரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டு பேர் 150 கிலோ, சாமான் 30 கிலோ, எரிபொருள் 140 லிட்டர் (லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் சுமார் 100 கிலோ) என்றால், கிளம்பும்போது மையம் 2.139 மீட்டர். டேங்க் காலியானால் 2.155. எங்கள் டேங்க் மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதால் எரிபொருள் தீரத்தீர மையம் பின்னால் போகிறது. வேறு வடிவமைப்பில் இது தலைகீழாக இருக்கலாம். சொந்தமாகக் கட்டிக்கொள்வதற்கென்று பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈசி என்ற சின்ன விமானம் இன்னொரு எல்லை. எஞ்சின் பின்னால் இருப்பதால் விமானி இறங்கிவிட்டால் வால் கனத்துவிடும், அதனால் முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவார்கள்.

குறைகள்: பலகைகளின் கேபிள் இணைப்புகள் நோஞ்சானாக இருக்கின்றன, தூசி படிந்தால் எண் குதிக்கிறது. குளிரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் பூஜ்யம் ஆக்க வேண்டும். வால்சக்கர விமானம் என்றால் வாலை மட்டத்துக்குத் தூக்கி வைக்க உறுதியான ஸ்டாண்ட் தனியாகச் செய்துகொள்ள வேண்டும், அது செட்டில் வராது.

ஒரே ஒரு விமானம், இனி மாற்றம் எதுவும் இல்லை என்றால் இரவல் வாங்குங்கள், வாங்கியதும் தெரிந்த எடையை வைத்துச் சோதித்துவிடுங்கள். எங்களைப் போல எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு செட் வாங்கினால் நன்றாகப் பயன்படும். கூடவே நீளமான எஃகு நாடா, கனமான தூக்குக் குண்டு, நல்ல டிஜிட்டல் ரசமட்டம் மூன்றையும் அதே பெட்டியில் போட்டுவிடுங்கள்.