மாடி வேலை முழுவதையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுத்துப் பார்த்தேன்

போன முறை வீடு கட்டியபோது கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் போடுபவர், தச்சர், பெயிண்டர் என்று ஆறு பேரை நானே தனித்தனியாகப் பிடித்தேன். ஆறு மாதத்தில் முடிய வேண்டியது ஒரு வருஷம் இழுத்தது. இத்தனைக்கும் வந்த நாளில் எல்லாரும் வேகமாகத்தான் வேலை பார்த்தார்கள், வராத நாள்கள்தான் அதிகம். பிளம்பர் முடிக்கட்டும் அப்புறம் வர்றேன் என்பார் டைல்ஸ்காரர், பிளம்பரைக் கேட்டால் கொத்தனார் சுவரில் காடி வெட்டித் தரவில்லை என்பார், கொத்தனாரோ அதற்குள் வேறு யார் வீட்டிலோ சாரம் கட்டியிருப்பார். நடுவில் போனும் கையுமாக நான்.

இந்த முறை மாடியில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும். எல்லா வேலைக்கும் தன்னிடமே ஆள் வைத்திருக்கிற ஒருவரிடம் மொத்தமாக விட்டேன். நான்கு மாதம் என்றார். பன்னிரண்டு நாள் கூடுதலாக ஆனது, அதில் ஐந்து நாள் நான் டைல்ஸ் நிறம் முடிவு செய்யாமல் தின்றது.

வித்தியாசம் குளியலறையில்தான் பளிச்சென்று தெரிந்தது. பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஒரே நாளில் வந்து, வெறும் செங்கல் சுவரில் ஆளுக்கொரு நிறச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். கீசர் ஒயர் வரும் பாதையும் ஷவர் பைப்பும் ஒரே இடத்தில் மோதின. ஒருவர் கோட்டைக் கையால் அழித்து அரையடி தள்ளிப் போட்டார், பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. பழைய வீட்டில் இதே மோதல் டைல்ஸ் ஒட்டியபிறகு கண்ணில் பட்டது, நான்கு டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்தோம்.

பைப் போட்டதும் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டார்கள். காலையில் பார்த்தால் பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கியிருந்தது. ஒரு எல்போ இணைப்பில் கசிவு. பிளம்பர் பக்கத்து அறையிலேயே இருந்ததால் மதியத்துக்குள் மாற்றிவிட்டார். அப்புறம் வாட்டர்புரூஃபிங் பூசி, அது காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் இறங்கவில்லை என்று பார்த்தபிறகுதான் டைல்ஸ்காரர் உள்ளே வந்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எத்தனை ஆள் கையில் இருந்தாலும் சிமெண்ட் இறுகும் வேகம் மாறாது. தளம் போட்டால் அதைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், குறைந்தது ஒரு வாரமாவது தளம் நனைந்தே இருக்க வேண்டும். அந்தச் சும்மா நாள்களை இவர் வீணாக்கவில்லை. கதவு ஜன்னலுக்கு ஆர்டர் கொடுத்தது, ஸ்விட்ச் எங்கெங்கே என்று என்னிடம் கேட்டுக் குறித்தது எல்லாம் அப்போதுதான்.

குறைகளும் உண்டு. எல்லா ஆளும் கையில் இருப்பதால், சும்மா இருக்கிற ஆளை எங்கேயாவது நுழைத்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. பெயிண்டர் வேலையில்லாமல் நின்றார் என்பதற்காகப் பூச்சு ஈரம் காயாத சுவரில் பட்டி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்வதற்குள் ஒரு சுவர் முடிந்துவிட்டது, இப்போது அந்தச் சுவரில்தான் பெயிண்ட் உப்பிக்கொண்டு நிற்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கும் சொந்த ஆள் என்று சொன்னார், வந்தவர்கள் வெளி ஆள். தாமதத்தில் மிச்சம் ஏழு நாளும் அங்கேதான் போனது. எந்தெந்த வேலைக்கு உங்களிடம் நிரந்தர ஆள், எதை வெளியே கொடுப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். தச்சு வேலை சுமார்தான். தனியாக நல்ல தச்சரைப் பிடித்திருந்தால் கதவு இன்னும் அழகாக வந்திருக்கும், ஆனால் அவர் எப்போது வந்திருப்பார் என்பது வேறு கதை.

பணத்தைத் தேதி வைத்துக் கொடுக்கவில்லை, ஒவ்வொரு கட்டமும் முடிந்தபிறகு நேரில் பார்த்துத்தான் கொடுத்தேன். கடைசித் தவணையைக் கொஞ்சம் பிடித்தும் வைத்தேன். மொத்தமும் ஒருவர் கையில் இருக்கும்போது அவரோடு மனஸ்தாபம் வந்தால் எல்லா வேலையும் ஒன்றாக நின்றுவிடும் என்ற பயம் எனக்குக் கடைசிவரை இருந்தது.

குடிவந்து இரண்டு மாதம் கழித்து ஷவர் பைப் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஈரம். போன் செய்த மறுநாள் பிளம்பரும் டைல்ஸ்காரரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஒரு டைல்ஸைக் கழற்றி, மரை சரியாக இறுகாததைக் கண்டுபிடித்து, மிச்சம் வைத்திருந்த பெட்டியிலிருந்து புது டைல்ஸ் எடுத்து ஒட்டிவிட்டுப் போனார்கள். பழைய வீட்டில் இதே மாதிரி ஈரத்துக்கு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேருமே இது என் வேலை இல்லை சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.