மூன்றாவது எபிசோட் இல்லாத ஒரு டிவிடி

போன சனிக்கிழமை அக்கா மகன் பழைய பொருள் விற்கும் ஒரு சாரிட்டி கடைக்குள் நின்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர் டாக்டர் ஹூவில் ஆறு எபிசோட் கொண்ட ஒரு கதை, 'தி வெப் ஆஃப் ஃபியர்', 2014-ல் வந்த டிவிடி. மேலே 2 பவுண்ட் ஸ்டிக்கர். "மாமா, வாங்கலாமா?"

வெளிவந்த வாரமே முழு விலை கொடுத்து வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது? பத்து வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பேன், பெரும்பாலும் பிப்ரவரியில். 1968-ல் முதல் முறை ஒளிபரப்பானதும் அந்த மாதம்தான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எரிச்சல் வருகிறது.

பழைய டாக்டர் ஹூ பார்க்கிறவர்களுக்குக் கதை தெரியும். அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதியலாம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்துடன் ஒப்பந்தக் கட்டுப்பாடு வேறு. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளை யாருக்கு வேண்டும் என்ற நினைப்பு. பழைய எபிசோட்களை பிபிசி அழித்துத் தள்ளியது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற 16 மி.மீ. பிலிம் பிரதிகள் எங்கேயாவது தப்பியிருந்தால் உண்டு. அப்படி நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் பிலிப் மாரிஸ் என்பவர் கண்டெடுத்த 9 எபிசோட்கள் 2013 அக்டோபரில் வெளியே வந்தன. அதில் நான்கு இந்தக் கதையினுடையவை. முதல் எபிசோட் ஏற்கெனவே இருந்தது. ஆக ஆறில் ஐந்து.

அந்த ஐந்தும் எப்படி இருக்கின்றன என்றால், சொக்க வைக்கின்றன. லண்டன் பாதாள ரயில் சுரங்கத்தில் எட்டிகள், அதாவது பனிமனித ரோபோக்கள். எங்கும் நுரையும் சிலந்தி வலையும். ராணுவம் குட்ஜ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் பதுங்கியிருக்கிறது. சுரங்கத்தில் படமெடுக்க லண்டன் டிரான்ஸ்போர்ட் ஒத்துவரவில்லை, அதனால் ஸ்டூடியோவிலேயே தண்டவாளமும் சுவரும் கட்டினார்கள். அது எவ்வளவு அச்சாக இருந்ததென்றால், அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து எடுத்துவிட்டார்கள் என்று லண்டன் டிரான்ஸ்போர்ட்டே புகார் செய்ததாக ஒரு பேச்சு உண்டு. முதல் எபிசோடில் ஸ்டேஷன் வாசலில் பேப்பர் விற்பவர் உட்கார்ந்திருப்பார். கிட்டே போய்ப் பார்த்தால் முகம் முழுக்க வலை. எத்தனை முறை பார்த்தாலும் அங்கே என் கை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறது.

நான் லண்டன் டூட்டிங்கில் இருப்பவன், பாதாள ரயிலின் நார்தர்ன் லைன் வாடிக்கையாளன். வேற்றுக் கிரகத்து அரக்கனை விட டூட்டிங் பெக்கில் வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் எட்டிதான் பயமுறுத்தும் என்று டாக்டர் வேடத்தில் நடித்த மூன்றாவது நடிகர் ஜான் பெர்ட்வீ அடிக்கடி சொல்வாராம். என் வீட்டிலிருந்து அந்த ஸ்டேஷன் நடை தூரம். இரவுக் கடைசி ரயிலுக்கு ஆளில்லாத பிளாட்பாரத்தில் நிற்கும்போது சுரங்கத்திலிருந்து முதலில் காற்று வரும், அப்புறம்தான் வெளிச்சம் வரும். அந்த இடைவெளியில் என்ன நினைப்பு ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. இது டிவிடி அட்டையில் போடாத வசதி.

சரி, மூன்றாவது எபிசோடுக்கு வருகிறேன்.

இந்தத் தொடரில் பின்னால் பிரிகேடியர் என்று எல்லோரும் கொண்டாடிய லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட், அப்போது வெறும் கர்னல், நம் கண்ணில் முறையாகப் படுவதே அந்த எபிசோடில்தான். நிக்கோலஸ் கோர்ட்னி 1989 வரைக்கும் அதே பாத்திரமாக வந்து போனார். அவ்வளவு பெரிய ஆளின் நுழைவு, அதுதான் இல்லை! இரண்டாவதில் பூட்ஸ் தெரியும், அந்தக் கால்கூட வேறு ஒருவருடையது. நான்காவதில் ரொம்ப நாள் பழகியவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். ஜோஸில் ஆறு எபிசோடும் அலமாரியில் இருந்தன, பெட்டி வந்து சேர்ந்தபோது மூன்றாவது மட்டும் காணாமல் போயிருந்தது என்று மாரிஸே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிவிடியில் அந்த இடத்தில் இருப்பது புகைப்படங்களும் ஒலியும். ஜான் க்யூரா என்பவர் டிவி திரையைப் படமெடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வந்தார். அந்தப் படங்கள். ஒலி, வீட்டு டிவியிலிருந்து ரசிகர்கள் டேப்பில் பிடித்து வைத்தது. 2021 பதிப்பில் இதற்குப் பதில் அனிமேஷன் போட்டார்கள். நண்பர் வீட்டில் பார்த்தேன். எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடக்கிறார்கள், கர்னலின் மீசை மட்டும்தான் கர்னலுடையது. அதற்கு என் டிவிடியே மேல்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சில வருடமாக அந்த எபிசோடை நான் பார்ப்பதில்லை, கேட்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, துணி மடித்துக்கொண்டு. சுரங்கத்துக் காலடிகளும் எட்டியின் உறுமலும் அப்போது வேறு மாதிரி கேட்கும். கர்னலின் குரலில் முதலில் இருக்கிற சந்தேகம், படம் ஓடியிருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்குமா தெரியாது. ஒருவகையில் ஆறிலும் எனக்கு நன்றாகத் தெரிந்த எபிசோட் அதுதான்.

அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. நான்காவதில் கோவென்ட் கார்டன் தெருவில் பட்டப்பகலில் நடக்கிற சண்டையைப் பார்க்கும்போது, இப்படி எடுத்த இயக்குநர் டக்ளஸ் கேம்ஃபீல்டு மூன்றாவதில் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று மறுபடி வயிறு எரிகிறது. 2011-ல் இறந்துபோன கோர்ட்னி, கிடைத்த இந்த எபிசோட்களைக்கூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு 2014 டிவிடியில் பேட்டி, விளக்கக் குரல் என்று கூடுதலாக ஒன்றும் கிடையாது. கதை முடிந்ததும் மெனுதான்.

அதனால் அவனுக்கு "வேண்டாம், 2 பவுண்டை வைத்துக்கொள்" என்று பதில் போட்டேன்.

"அவ்வளவு மோசமா மாமா?"

"மோசம் என்று யார் சொன்னது? வீட்டுக்கு வா, என்னுடையதைப் பார்க்கலாம்."

அப்புறம் இன்னொரு செய்தியும் அனுப்பினேன். அதே அலமாரியில் இன்னொரு டாக்டர் ஹூ கதை, 'தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்' இருக்கிறதா பார், இருந்தால் எடுத்துவிடு, காசு நான் தருகிறேன். என்னுடையதை இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. அதில் ஆறு எபிசோடும் இருக்கின்றன.