லெட் ஸெப்பலின்: ஹார்ட் ராக்கா, ஹெவி மெட்டலா?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் யார் பழைய இசைத்தட்டுகளை வகைபிரித்து அடுக்கினாலும் கை தயங்குவது லெட் ஸெப்பலின் என்ற இந்த பிரிட்டிஷ் ராக் குழுவிடம்தான். சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வால்யூமைத் திருகினால் எல்லாமே மெட்டல்தான். ரோக் காப்பாக் எனும் மலாய் ராக் இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

முதலில் வேரைப் பாருங்கள். 1969இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸில் வில்லி டிக்சன் எழுதிய இரண்டு பாடல்கள் இருக்கின்றன. குழுவின் டிரம்மர் ஜான் பானமின் டிரம்ஸ் கனமானது. ஆனாலும் தாளத்தை இறுக்காமல், சற்றுப் பின்தங்கி அசையவிடும். அந்தக் கனத்தில் அறைக்கும் பங்குண்டு: 1971 ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலே தொங்கவிட்ட இரண்டு மைக்குகளில் பதிவு செய்தார்கள். 1970இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கமோ பெரும்பாலும் அக்கூஸ்டிக், அதாவது மின்கிட்டார் முழக்கம் இல்லாதது.

பக்கத்தில் அதே காலத்து பிளாக் சாபத் குழுவை ஓடவிடுங்கள். ஆலை விபத்தில் இரு விரல்நுனிகளை இழந்த அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்குத் தளர்ந்த கம்பி வசதி. 1971 ஆல்பத்தின் பல பாடல்களில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார். புளூஸ் அங்கும் உண்டு; இருண்ட, மெதுவான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) அதை மூடிவிடுகிறது. மெட்டல் என்றால் அதுதான்.

ஸெப்பலினை ஹார்ட் ராக் அடுக்கில் வையுங்கள். மெட்டல் அடுக்கில் தேடுபவர்களுக்கு ஒரு சீட்டு செருகினால் போதும். உண்மையில் தலைவலி டீப் பர்ப்பிள் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழு: அவர்களின் 1968, 1969 தட்டுகளை மெட்டல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.