தாயைக் காட்டாமல் விற்ற குட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சிவப்புச் சிமென்ட் தரை, ஓரம் உடைந்த நீல பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து லேப்ரடார் குட்டிகள். ‘கோத்தகிரி, குன்னூர், ஊட்டி நேரில் கொண்டுவந்து தரப்படும்’ என்று கீழே போட்டிருந்தது. அந்த உடைந்த தொட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். போன ஐப்பசியில் இதே படத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். படத்தைக்கூட மாற்றவில்லை, ஃபோன் எண் மட்டும் புதிது.

ஆளின் பெயரை இங்கே போடப் போவதில்லை. என்னிடம் சொன்ன பெயர் ஒன்று, ஜிபே-யில் பணம் போன கணக்கின் பெயர் வேறொன்று. எதைப் போட்டாலும் சம்பந்தமில்லாத யாராவது மாட்டுவார்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கோத்தகிரியை அடுத்த அரவேனு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். நாளெல்லாம் பில் தேதியும் தொகையும் சரிபார்க்கிற வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் தேதி விஷயத்தில் எனக்கே வெட்கம். மகள் ஐந்தாம் வகுப்பு. இரண்டு வருடமாக நாய் நாய் என்று நச்சரித்தாள். சரி, இந்தப் பிறந்தநாளுக்கு வாங்கிவிடலாம் என்று அந்த எண்ணுக்கு அழைத்தேன்.

பேச்சு தேனாக இருந்தது. “45 நாள் குட்டிங்க்கா. ஊசி எல்லாம் போட்டாச்சு. கேசிஐ பேப்பரோட வேணும்னா 14,000, இல்லாம 9,000. பேப்பர் வர மூணு மாசம் ஆகும்.”

கேசிஐ பேப்பர் என்றால் இந்திய கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றிதழ். அது எங்களுக்கு எதற்கு? கண்காட்சிக்கா கூட்டிப்போகப் போகிறோம்? 9,000 போதும் என்றேன். தாய் நாயைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். அதுகூட விவரம் தெரிந்து கேட்கவில்லை, மகள் தாய் நாயைப் பார்க்க ஆசைப்பட்டாள்.

“தாய் கிணத்துக்கடவுல அண்ணன் வீட்ல இருக்குதுங்க்கா. குட்டி பால் மறந்துடுச்சு, அதான் பிரிச்சு விட்டுட்டோம். நீங்க எதுக்கு மலை இறங்கி வந்துட்டு, நானே கொண்டாந்து தர்றேன்.”

என்ன தங்கமான மனிதர் என்று நினைத்தேன். முன்பணமாக 2,000 அனுப்பினேன்.

சனிக்கிழமை மாலை டானிங்டனில் ரோட்டோரமாக வெள்ளைக் கார் வந்து நின்றது. நல்ல தூறல். அவர் டிக்கியைத் திறந்ததும் பினாயில் நெடி முகத்தில் அடித்தது. ஓட்டை போட்ட ஆப்பிள் பெட்டிகள் இரண்டு. “இது மூணும் குன்னூருக்குங்க்கா” என்று ஒன்றைத் தள்ளிவிட்டு, மற்றதிலிருந்து எங்கள் குட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்தார். குட்டி கத்தவில்லை, துள்ளவில்லை. வயிறு மட்டும் மேளம் மாதிரி உப்பி, தோல் பளபளவென்று இருந்தது. “பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு இருக்குது!” என்றார். மகள் அங்கேயே அதற்குப் பன்னு என்று பெயர் வைத்துவிட்டாள். மீதி 7,000 கைமாறியது. பாலும் பிஸ்கட்டும் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வேகமாகக் கொடுத்துவிட்டுப் போகத்தான் மழையில் ரோட்டோரம் வரச் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது.

ஞாயிறு இரவு பன்னு வாந்தி எடுத்தது. பாலோடு சேமியா மாதிரி நீளநீளமாக என்னவோ கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் நெளிகிறது. கொழுகொழு வயிறு முழுக்கப் புழு.

திங்கட்கிழமை கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் முதலில் செய்தது, குட்டியின் வாயைத் திறந்து பார்த்ததுதான். முன்பற்கள் அரிசி நுனி மாதிரி அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தன. கடைவாய்ப் பக்கம் ஈறு மொழுக்கென்று இருந்தது. “45 நாள்னு சொன்னாரா? இதுக்கு நாலு வாரம் இருந்தா அதிகம்மா” என்றார். ஊசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து, டாக்டர் முத்திரை இல்லை. ஸ்டிக்கரில் காலாவதித் தேதி ஏப்ரல் மாதம். குட்டி பிறந்ததாக அதே பக்கத்தில் எழுதியிருந்தது செப்டம்பர். பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே காலாவதியான மருந்து. அந்தப் புத்தகத்தை இரண்டு நாளாக நான் கையில்தான் வைத்திருந்தேன். மாதக் கடைசியில் நானூறு பில் பார்க்கிற கண் இது.

அதைவிட, அந்த வயதில் ஊசி போட்டாலும் ஒழுங்காகப் பிடிக்காதாம். குட்டிக்கு முதல் எதிர்ப்புச் சக்தி தாயின் சீம்பாலில்தான் வருகிறது, தாய்க்கு ஒழுங்காக ஊசி போட்டிருந்தால். அந்தச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையே மடக்கிவிடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ‘ஊசி எல்லாம் போட்டாச்சு’ என்று ஒரு மாதக் குட்டியைக் காட்டி யாராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

அன்று இரவே ரத்தபேதி தொடங்கியது. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. செவ்வாய்க்கிழமை டாக்டர் மலத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து ஒரு சின்ன அட்டையில் சொட்டு விட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு. பார்வோ.

இந்த வைரஸ் உடம்புக்குள் போனதும் அன்றைக்கே படுக்க வைத்துவிடாது, நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். குட்டி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கே தொற்றியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு ஃபோன் செய்தேன். “எங்க வீட்ல ஓடி ஆடிட்டு இருந்துச்சுங்க்கா. உங்க மலைக் குளிர் ஒத்துக்கல” என்றார். டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார். லேப்ரடாரின் பூர்வீகம் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து. பனிக்கடலில் இறங்கி மீனவர்களுக்கு வலை இழுத்த நாய்களின் வம்சம், கோத்தகிரிக் குளிரில் செத்துப்போகுமாம்.

மூன்று நாள் முன்னங்காலில் டிரிப்ஸ் ஏறியது. காலே என் சுண்டுவிரல் பருமன்தான். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பன்னு போய்விட்டது. குட்டிக்கு 9,000, வைத்தியத்துக்கு 11,000 சொச்சம். மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை.

ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகுதான். குட்டி செத்துவிட்டது என்று செய்தி அனுப்பினால், அரை மணி நேரத்தில் பதில்: “வருத்தப்படாதீங்க்கா. 2,000 மட்டும் போடுங்க, வேற குட்டி தர்றேன். நாளைக்கே குன்னூர் வர்றேன்.” இதற்கு மேல் ஒரு கொடுமை கிடையாது. பார்வோ கிருமி பினாயிலுக்கெல்லாம் அசையாது. தரையை முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவலாம், வாசல் மண்ணை என்ன செய்வது? மாதக்கணக்கில், சில இடத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாக மண்ணில் உயிரோடு கிடக்குமாம். அந்த வாசலில் இன்னொரு ஊசி போடாத குட்டியைக் கொண்டுவந்து விட்டால் அதுவும் அதே வழிதான். வருடக்கணக்கில் குட்டி விற்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியபோது பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். பில் எங்கே? 2,000-க்கு மட்டும் ஜிபே ஆதாரம், 7,000 ரொக்கம். ரொக்கமாகக் கொடுத்தது இரண்டாவது முட்டாள்தனம்.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-லேயே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்துவிட்டது. குட்டி விற்கிற பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். சந்தையில் எல்லோரும் வாய் கூசாமல் சொல்கிற ‘45 நாள் குட்டி’ என்பதே விதிமீறல்தான், நாமும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். தாய்க்கும் கணக்கு உண்டு: 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. தாயை ஏன் கண்ணில் காட்டுவதில்லை என்பது இதைப் படித்தபோது எனக்கு விளங்கியது. தாயைப் பார்த்தால் அதன் வயது தெரியும், மடி தெரியும், இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருப்பது தெரியும், அதற்கு ஊசி போட்டார்களா என்று கேட்கத் தோன்றும். குட்டியை மட்டும் பார்த்தால் அழகு மட்டும்தான் தெரியும். வீடியோ அனுப்புகிறேன் என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். குட்டிகள் தாயின் மடியில் முட்டிக்கொண்டிருப்பதை அந்த வீட்டுக்கே போய்ப் பாருங்கள்.

பேப்பர் வேண்டாம் என்று நான் சொன்னது சிக்கனம் என்று நினைத்தேன். தாய், தகப்பன் இரண்டும் கென்னல் கிளப்பில் பதிவாகியிருந்தால்தான் குட்டிகளைப் பதிய முடியும், அதைச் செய்ய வேண்டியவர் பிரீடர். பேப்பருக்குத் தனி விலை, பேப்பர் இல்லாமல் தனி விலை என்று இட்லிக்குச் சாம்பார் மாதிரி விற்கிறார் என்றால் அவரிடம் பேப்பரே இல்லை என்று அர்த்தம்.

வைகாசியில் டாக்டரே அழைத்தார். “குட்டி இப்ப வேண்டாம். ஊசி போட்ட பெரிய நாயா இருந்தா உங்க வீட்ல பயமில்லை. ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க.” குஞ்சப்பனை செக்போஸ்ட் பக்கம் பலாப்பழம் விற்கிறவர்கள் பிடித்துக் கொடுத்ததாம். மஞ்சள் லேப்ரடார், பெட்டை. யாரோ ராத்திரியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு வாரம் அங்கேயே கிடந்து, வந்து நிற்கிற ஒவ்வொரு வெள்ளைக் காரின் டிக்கியையும் போய்ப் போய் முகர்ந்து பார்த்ததாகப் பழக்கடை அம்மா சொன்னார். சுற்றுலா வந்தவர்கள் பாவப்பட்டு வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும் போட்டிருக்கிறார்கள். (சாக்லேட் நாய்க்கு விஷம். தயவுசெய்து போடாதீர்கள், அது எவ்வளவு வாலாட்டினாலும்.) மடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த தடம். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். டாக்டர் அறுவை செய்து அதை எடுத்துவிட்டார். ஈன்று ஈன்று ஓய்ந்துபோனது, இனிமேல் குட்டி போடாது என்று தெரிந்ததும் மலையில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள்.

பன்னுவின் தாய் இதுதான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வெள்ளைக் கார் ஊரில் ஆயிரம் ஓடுகிறது. மகள் அப்படித்தான் நம்புகிறாள், நான் மறுக்கவில்லை. பலாப்பழக் கடையிலிருந்து வந்ததால் சுளை என்று பெயர். முதல் ஒரு மாதம் தட்டில் சோறு வைத்தால் சாப்பிடாமல் எங்கள் முகத்தையே பார்க்கும், நாங்கள் நகர்ந்த பிறகுதான் வாய் வைக்கும். இப்போது முட்டை வேகிற வாசனைக்கே அடுப்படியில் வந்து நிற்கிறது.

நாயைக் கைவிடுவதும் குற்றம்தான், 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அந்த ஐம்பதுக்கு இன்று கால் கிலோ ஊட்டி வர்க்கி வருமா என்பதே சந்தேகம்.

பக்கத்து வீட்டு அண்ணன் சுளையைப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் பண்ணாம விட்டிருந்தா நம்ம கடுவனோட ஒரு ஈற்று எடுத்திருக்கலாமேம்மா” என்றார். நல்ல மனிதர். அவருடைய முந்தைய பெட்டை போட்ட ஏழு குட்டியில் நான்கு விற்றது. மீதி மூன்றும் பெட்டைக் குட்டிகள், எஸ்டேட் லயன் வீடுகளுக்குச் சும்மா கொடுத்தார். ஒன்றைச் சிறுத்தை தூக்கியது, ஒன்று கட்டபெட்டு ரோட்டில் வண்டியில் அடிபட்டது. மூன்றாவது எங்கே என்று அவருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டால் ஏழும் நல்லபடியாகப் போய்விட்டன என்றுதான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் ஃபோனிலிருந்து புது எண்ணுக்கு ஒரு செய்தி போட்டேன். ‘தாயைப் பார்க்க முடியுமா? நாங்களே வருகிறோம்.’ உடனே பதில் வந்தது.

“தாய் பொள்ளாச்சில மாமா வீட்ல இருக்குதுங்க சார். நீங்க எதுக்குச் சிரமப்பட்டுட்டு, நானே கொண்டாந்து தர்றேன்.”

குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே அதற்குள் ஏழு பேர் விலை கேட்டிருந்தார்கள்.