மூன்று சென்ட், மூன்று விலை: அரிய காசுக்கும் ஆள் தேடும் காசுக்கும் உள்ள தூரம்

பழைய நாணயம் விற்பவர்கள் முதலில் எடுத்துவிடுவது அச்சடித்த எண்ணிக்கையைத்தான். "மொத்தமே இவ்வளவுதான் அடித்தார்கள்" என்றதும் வாங்குபவருக்குக் கை பரபரக்கும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து விலை போட்டால் கணக்கு உதைக்கும். ஆபிரகாம் லிங்கன் முகம் பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் காசு (டாலரில் நூறில் ஒரு பங்கு) வரிசையில் மூன்று காசுகளை அருகருகே வைத்தாலே இது தெரிந்துவிடும். மூன்றிலும் ஒரே முகம், ஒரே உலோகம்.

முதலாவது, 1909-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த, வடிவமைத்தவரின் முதலெழுத்துகள் தாங்கிய 'வி.டி.பி.' சென்ட்: 4,84,000. இரண்டாவது, 1931-இல் அதே ஊரில் அடித்தது: 8,66,000. மூன்றாவது, 1914-இல் டென்வரில் அடித்தது: 11,93,000.

எண்ணிக்கைப்படி 1914-தான் மலிவாக இருக்க வேண்டும். நடப்பது வேறு. தேய்ந்த காசுகளில் 1909 முதலிடம், சரி. ஆனால் அங்கேயே 1914, 1931-ஐ முந்திவிடுகிறது. புழக்கத்துக்கே போகாத பளபளப்பான காசு என்றால் 1914-இன் விலை 1931-ஐப் போலப் பல மடங்கு. பெரும்பாலும் 1909-ஐயும் தாண்டிவிடும்.

காரணம், அடித்தது எவ்வளவு என்பதல்ல, மிஞ்சியது எவ்வளவு என்பது. 1931-இல் குறைவாகத்தான் அடித்திருக்கிறார்கள் என்ற சேதி சேகரிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் எட்டிவிட்டது. புதுக்காசாகவே அள்ளிப் பதுக்கினார்கள். 1909 காசு புது வடிவம் என்பதால் பலர் ஞாபகத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார்கள். 1914-ஐ யாரும் கண்டுகொள்ளவில்லை. அது பையிலும் கல்லாவிலும் புரண்டு தேய்ந்தது. 1930-களில், சேர்த்த காசைப் பொருத்தி வைக்க ஆண்டுக்கு ஒரு ஓட்டை வைத்த சென்ட் அட்டைகள் விற்பனைக்கு வந்து, ஆட்கள் அதைத் தேடத் தொடங்கியபோது நல்ல நிலையில் கிடைப்பது அரிதாகிவிட்டது.

அந்த அட்டையை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். ஓட்டை காலியாக இருந்தால் மனம் ஒப்பாது. லிங்கன் சென்ட் சேர்ப்பவர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் இதே சில ஓட்டைகள்தான் காலி. நாலு லட்சத்துச் சொச்சம் காசு போதாமல் போவது அதனால்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், ரோமப் பேரரசின் மாகாண நகரங்கள் வெளியிட்ட செம்புக் காசுகள். சில வகைகளில் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தெரிய வந்திருக்கின்றன. இருந்தும் பல சல்லிசாகவே கைமாறுகின்றன. நிரப்ப வேண்டிய அட்டை இல்லை, ஏலத்தில் போட்டிக்கு இரண்டாவது ஆள் இல்லை. வரலாற்று ஆசைக்கு வாங்குவதென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. விற்று லாபம் பார்க்கும் எண்ணமிருந்தால் பொறுமை நிறைய வேண்டும்.

மூன்றாவது ரகமும் உண்டு: அரிதென்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது. 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த 'மார்கன்' டாலர் (பழைய அமெரிக்க வெள்ளிக் காசு வகை) அந்த வரிசையிலேயே அரியது என்று பெயர் வாங்கியிருந்தது. விலைப் பட்டியலில் புதுக்காசு 1,500 டாலர். 1962 கடைசியில் அரசுக் கருவூலப் பெட்டகங்களிலிருந்து அதே காசு மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. விலை தரைக்கு வந்துவிட்டது. தேடும் ஆட்கள் குறையவில்லை, காசுதான் கூடிப்போனது.

என் கையில் பணம் இருந்தால் புதுக்காசுக்கு ஆசைப்படாமல், ஓரளவு தேய்ந்த 1914 டென்வர் சென்ட்டைத்தான் எடுப்பேன். பதுக்கல் மூட்டை வெளிவந்து விலை கவிழும் பயம் அதில் குறைவு.

ஆனால் தேவை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும், கையில் லென்ஸ் வேண்டும். 1909-இல் ஃபிலடெல்ஃபியாவும் வி.டி.பி. காசு அடித்தது, 2,79,95,000. அது எளிதில் கிடைக்கும். அதில் ஆண்டுக்குக் கீழே, சான்பிரான்சிஸ்கோவில் அடித்ததைக் குறிக்கும் 'எஸ்' எழுத்தை ஒட்டி, சான்பிரான்சிஸ்கோ காசு என்று விற்பார்கள். அசல் எஸ்-இன் மேல் வளைவுக்குள் குட்டிப் புள்ளி ஒன்று இருக்கும்.

1914-க்கு வேறு வித்தை. கோடிக்கணக்கில் அடித்த 1944 டென்வர் காசை எடுத்து, முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்கிவிடுவார்கள். இங்கே லிங்கனின் தோள்பட்டையின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். வி.டி.பி. என்பது வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள். 1909-இல் பின்பக்கத்தில், கோதுமைத் தண்டுகளுக்குக் கீழே இருந்தது. சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். 1918-இல்தான் தோள்பட்டையில் பொடி எழுத்தாகத் திரும்பி வந்தது. 1909 காசுக்கு மதிப்பைக் கொடுக்கும் அதே மூன்று எழுத்து 1914 காசின் தோளில் தெரிந்தால், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.