மேக் வாங்கலாமா? 'ஓபன் எனிவே' எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்

ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் மடிக்கணினி விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பேட்டரி, திரை, விசிறிச் சத்தம் இல்லாத சுகம் எல்லாம் அவருக்கே தெரியும். சில ஆண்டுகளாக இதில்தான் எழுதுகிறேன், ஒரு நாளும் காலை வாரியதில்லை. அதனால் அவரிடம் நான் பேசியது முழுக்க ஒரே விஷயம்: கையொப்பமில்லாத செயலிகள், அதாவது எழுதியவர் யார் என்பதற்கு ஆப்பிளின் சான்றிதழ் இல்லாத செயலிகள்.

அவரிடம் பாமினி, டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் ஏராளம். அவற்றை இன்று எங்கும் பயன்படும் யூனிகோடுக்கு மாற்றும் சிறு செயலிகளை யாரோ ஒருவர் கண்விழித்து எழுதி இலவசமாகத் தருகிறார். ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால்தான் செயலியை எழுதியவருக்குச் சான்றிதழ். 2019-இல் மேக்கின் இயங்குதளப் பதிப்பான கேட்டலினா வந்த பிறகு நோட்டரைசேஷனும், அதாவது செயலியை ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதித்த ஒப்புதலும், வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுப்பவர் எதற்குக் கட்டுவார்? பிரவுசரில் இறக்கும்போதே செயலிமேல் 'குவாரன்டைன்' முத்திரை, அதாவது இணையத்திலிருந்து வந்தது என்ற குறி, விழுகிறது. திறக்கப் போனால் மேக்கின் காவல் அமைப்பான கேட்கீப்பர் மறிக்கிறது.

முன்பு கன்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்து 'ஓபன்' கொடுத்தால் போதும். 2024-இல் வந்த சீக்வோயா பதிப்பில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது வரும் பெட்டியில் 'டன்', 'மூவ் டு டிராஷ்' என்று இரண்டே பொத்தான்கள். எப்படித் திறப்பது என்று ஒரு வரி இல்லை. 'டன்' கொடுத்துவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் 'ஓபன் எனிவே' கிடைக்கும். திறக்க முயன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரைதான் அது அங்கே இருக்கும். கடவுச்சொல் கொடுத்து ஒருமுறை அனுமதித்தால், அப்புறம் அந்தச் செயலி சாதாரணமாகத் திறக்கும்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது இன்னொரு செய்திக்கு. கையொப்பம் சரியில்லை என்றால் சில செயலிகளுக்கு, இது 'டேமேஜ்ட்', குப்பைக்கு அனுப்புங்கள் என்று வரும். கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நல்ல கோப்பைப் பழுது என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது. இதற்கு 'ஓபன் எனிவே'யும் வராது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எக்ஸ்ஆட்டர் (xattr) கட்டளையால் குவாரன்டைன் முத்திரையை நீக்க வேண்டும். எழுதியவர் யார் என்று தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கேட்கீப்பரையே அணைத்துவிடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கடவுச்சொல் திருடும் நிரல்கள், 'வலது கிளிக் செய்து ஓபன் கொடுங்கள்' என்று படம் போட்டே மக்களை ஏமாற்றின. கதவை இறுக்கியதற்குக் காரணம் உண்டு. ஆனால் விண்டோஸில் இதே வேலையைச் செய்யும் ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுக்கும்போது, அதே பெட்டியில் 'மோர் இன்ஃபோ' அழுத்தினால் 'ரன் எனிவே' வந்துவிடுகிறது. எச்சரிக்கையும் வழியும் ஒரே இடத்தில். இங்கேயும் அப்படி வைத்திருக்கலாமே!

சரி, முடிவு. இந்த விலைக்கு இதைவிட நல்ல மடிக்கணினி எனக்குத் தெரியாது, என்னுடையதை விற்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் நண்பரிடம் இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னேன். பழைய கோப்புகளை எல்லாம் கையிலிருக்கும் விண்டோஸ் கணினியிலேயே மாற்றி முடிக்கட்டும், அப்புறம் வாங்கட்டும்.